ஆய்வுக்கு எதற்கு 75 சதவீதம்?

ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம் என்று சிமென்ட் ஆலைகள் நிற்கும் அரியலூர் வட்டாரம், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் கிடந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அப்பிக் கிடக்கின்றன. பெரம்பலூர் பக்கம் காரையின் களிமண் ஓடைகளில் அம்மோனைட்டுகள், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். 1840களில் ஆங்கிலேய அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் இந்த வட்டாரத்தில் சேகரித்த புதைபடிவங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்தார். பாறை அடுக்குகளை வகை பிரித்துப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு அறிக்கை வெளியிட்டது 1862-இல். கல்மரத்தை 1940-இல் அடையாளம் கண்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். 2009-இல் செந்துறை அருகே டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்தவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தினர். வெளியிலிருந்து வந்து படித்ததில் குறை ஏதும் இல்லை. அவர்கள் வந்திராவிட்டால் நமக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது. ஆனால், அந்த அடுக்குகளின் மேல் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை முடிக்கும்போது, ஆய்வு என்றால் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு பிரதி என்று மட்டுமே தெரிந்துகொண்டு வெளியேறுவதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பிரதி எப்படி உருவாகிறது என்பது ஊரறிந்த சேதி. கடைசி செமஸ்டரில் தலைப்பு கொடுப்பார்கள், 'கைடு' ஒருவரை ஒதுக்குவார்கள். புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் முன்னுரை முதல் முடிவுரை வரை தயாராகக் கிடைக்கும். வைவாவில் நாலு கேள்வி, அதோடு சரி. இதற்காக மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆய்வு செய்கிற ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்திராதவர்களுக்கு வேறு வழி தெரியாது. ஆய்வு முறை வெறும் வரையறைகளாக இருந்தால் நோட்ஸ் போதும். ஆனால், சுரங்கத்தில் வெட்டி நிறுத்திய ஒரு சுவரின் முன்னால் நோட்ஸ் உதவாது. அடுக்கு அடுக்காகத் தடிமன் அளக்க வேண்டும். அடுக்கு சாய்ந்திருந்தால் நாடா காட்டுவது உண்மைத் தடிமன் அல்ல. சாய்வுக் கோணத்தையும் அளந்து கணக்கைத் திருத்த வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். நுரை மந்தமாக வந்தால் களிமண் கலப்பா, டோலமைட்டா என்று யோசிக்க வேண்டும். கீழே விழுந்து கிடக்கிற சிப்பியை எடுத்து, 'இந்த அடுக்கில் கிடைத்தது' என்று எழுதிவிடக் கூடாது. கடைசியாகச் சொன்ன விதியை வகுப்பில் கேட்டால் தேர்வோடு மறந்துபோகும். பேராசிரியர் தன் குறிப்பேட்டில் தான் எழுதிய வரியையே அடித்துவிட்டு, 'இடம் உறுதியில்லை' என்று மாற்றி எழுதுவதைப் பார்த்த மாணவர் அதை மறக்க மாட்டார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் ஆய்வுக்கு இடம் தருகிறது. ஆனால் நான்காம் ஆண்டில்தான். அதுவும் முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களுக்கு மட்டும். காலமும் தவறு, தேர்ந்தெடுத்த ஆட்களும் தவறு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1989-இல் இளநிலை மாணவர்களைத் தொடக்க ஆண்டுகளிலேயே பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கத் தொடங்கியது. விண்ணப்பித்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1998-இல் வெளிவந்தது. படிப்பைப் பாதியில் விடாமல் காப்பதில் இத்திட்டம் அதிகம் உதவியது ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களுக்கு, குறிப்பாக அவர்களில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்குத்தான். வசதி மிகுந்த பல்கலைக்கழகம் ஒன்றின் முடிவை நம் கலைக் கல்லூரிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது சரியே. ஆனாலும், பயன் யாருக்கு அதிகமோ அவர்களை வாசலிலேயே நிறுத்தும் விதிக்கு ஆதரவாக அதில் ஒன்றும் இல்லை. சி.வி.ராமன் 1906-இல், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே லண்டன் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வானியற்பியலாளர் சந்திரசேகரும் அதே கல்லூரியில் இளநிலை படிக்கும்போது வெளியிட்டவர். அப்படிப்பட்டவர்கள் எந்தத் திட்டமும் இல்லாமலே வந்துவிடுவார்கள்; திட்டம் தேவைப்படுவது மற்றவர்களுக்கு. தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டுப் பட்டத்தை ஏற்காத தமிழ்நாடு, தன் மூன்றாண்டுப் பட்டத்தில் இரண்டாம் ஆண்டிலேயே, மதிப்பெண் வரம்பு இல்லாமல் மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கத் தொடங்கலாம். மறுப்பதோடு நின்றுவிடாமல் மாற்று ஒன்றைச் செய்துகாட்ட இது நல்ல இடம்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு வேலைதான் முக்கியம், ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால், அளந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதத் தெரிவது வேலைக்கு ஆகாத திறமை அல்ல. ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகமும் அதைத்தான் கேட்கிறது. இளநிலை மாணவர்கள் எடுக்கும் தரவை எப்படி நம்புவது என்பது இன்னொரு கேள்வி. தனியாக விட்டால் நம்ப முடியாதுதான். எடுத்துக்காட்டாக, சுரங்கங்களால் நிலத்தடி நீர் இறங்குகிறதா என்பது அரியலூர் மாவட்டத்தின் நெடுநாள் சண்டை. கைவிட்ட சுரங்கக் குழிகளில் மழைநீர் தேங்கி ஊற்று ஏறுகிறது என்ற எதிர்வாதமும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒரே கிணற்றை இரண்டு மாணவர்கள் தனித்தனியாக அளந்து, முரண்பட்டால் மூன்றாம் முறை அளந்து, ஆசிரியர் நீர்வளத் துறையின் கண்காணிப்புக் கிணற்று அளவோடு ஒப்பிட்டால் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தெரிந்துவிடும். எந்தக் கிணற்றில் மோட்டார் எப்போது ஓடியது என்ற தகவல் அந்தத் தெருப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அது தெரியாமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

கடினமான தடை ஆசிரியர்களின் நேரம். மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அரசுக் கல்லூரிகளில் பெருஞ்சுமையைத் தூக்குகிற கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பணிப் பாதுகாப்பும் கிடையாது. இதன் மேல் ஆய்வு வழிகாட்டலையும் ஏற்றினால் அது மறுபடி புராஜெக்ட் சென்டரில்தான் போய் முடியும். வழிகாட்டும் நேரத்தை வகுப்பு நேரமாகக் கணக்கில் எடுக்காமல் இத்திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். பணத்துக்கு மாவட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டியோடு சேர்த்து மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் செலுத்துகிறார்கள். அதன் முன்னுரிமைச் செலவினங்களில் கல்வியும் ஒன்று. கட்டடமும் சுற்றுச்சுவரும் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு பேருந்து வாடகைக்கும் பாதுகாப்புத் தலைக்கவசத்துக்கும் அளவுக் கருவிக்கும் போகட்டும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. 'ஆய்வு' என்ற பெயரில் மாணவர்களை எடுபிடிகளாக்கி, தரவை வாங்கிக்கொண்டு பேராசிரியர் தன் பெயரில் மட்டும் கட்டுரை போடுவது இங்கே கேள்விப்படாத விஷயம் அல்ல. களக் குறிப்பேடு மாணவருக்கே சொந்தம். அவர் எடுத்த அளவு கட்டுரையில் வந்தால், அவர் பங்குக்கு ஏற்ப அவர் பெயரும் வர வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத துறைக்கு ஒரு மாணவரைக்கூட ஒதுக்கக் கூடாது.