காவடியில் வந்த சோறு

விடியற்காலை. பினாங்குத் துறைமுகத்தை நோக்கி ஒரு மனிதர் விறுவிறு என்று நடந்து வருகிறார். அவர் தோளில் காவடி!

முருகன் சந்நிதிக்குப் போகிற காவடி அல்ல. தண்டின் ஒரு முனையில் சோறு தொங்குகிறது. மறு முனையில் குழம்பு. கப்பலில் மூட்டை இறக்கும் கூலிகள் அவரைச் சுற்றிக் கூடுகிறார்கள். அவசர அவசரமாக வயிற்றை நிரப்பிக் கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முந்திய காட்சி இது. காவடி சுமந்தவர் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பல் ஏறிப் போன தமிழ் முஸ்லிம். மலாய் மொழியில் "நாசி" என்றால் சோறு. "கண்டார்" என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. "நாசி கண்டார்" என்று இன்று உலகம் எங்கும் பேர் வாங்கியிருக்கிற பினாங்குச் சாப்பாடு, காவடிச் சோறுதான்!

தோள் காவடி மறைந்துவிட்டது. சோறு இருக்கிறது. அதைத் தேடிப் பல நாட்டு மக்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அப்படி வருகிறவர்களின் கூட்டமே, அந்தச் சோற்றைச் சமைக்கிறவர்களின் காலடி மண்ணை அரித்துக் கொண்டிருக்கிறது. பினாங்குக்குப் போக மூட்டை கட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நாலு நாள் பயணம்

மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய தீவு பினாங்கு. அதன் தலைநகரம் ஜார்ஜ் டவுன். 1786-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கே கொடி ஏற்றினார். அன்றைய இங்கிலாந்து மன்னரின் பெயர் ஊருக்கு வைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் "ரஜுலா" கப்பல் ஏறி, நாள் கணக்கில் வாந்தி எடுத்துக் கொண்டு போய்ச் சேர வேண்டிய ஊர் அது. அதற்குப் பின் வந்த "சிதம்பரம்" கப்பலில் 1985-ல் தீப்பிடித்தது. அத்தோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தால் சுமார் நாலு மணி நேரம். பிறகு கேட்க வேண்டுமா?

பயணக் கம்பெனிகள் போட்டுத் தரும் நாலு நாள் திட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் மலை. 1923-ல் ஓடத் தொடங்கிய இழுவை ரயிலில் ஏறி, மேலே போய்ப் படம் எடுத்துக் கொண்டு, இறங்க வேண்டும். இரண்டாம் நாள் ஆயர் ஈத்தாம் மலையடியில் உள்ள கெக் லோக் சி புத்தர் கோயில். அங்கே அடிப்பாகம் சீன பாணி, நடுப்பாகம் சயாம் பாணி, முடி பர்மா பாணி என்று ஒரு கோபுரம் நிற்கிறது. அதை அண்ணாந்து பார்க்கக்கூட நேரம் தர மாட்டார்கள். மூன்றாம் நாள் சுவர்ச் சித்திரம். 2012-ல் லித்துவேனிய ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அதில் நிஜச் சைக்கிள் ஒன்றைப் பொருத்தி வைத்தார். அந்தச் சைக்கிள் அருகே நின்று படம் எடுக்க வரிசை! நாலாம் நாள் கடைவீதி, விமானம்.

இது ஊரைப் பார்ப்பதா? ஊரைக் கடப்பது!

பினாங்கு, நடந்து பார்க்க வேண்டிய ஊர். ஒரே ஒரு தெருவைச் சொன்னால் போதும். பழைய பெயர் பிட் தெரு. இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. 1818-ல் கட்டிய ஆங்கிலேயரின் மாதாகோயில், சீனர் வணங்கும் கருணைத் தேவியின் கோயில், பின்புறம் ராணி தெருவை நோக்கிய மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மைதீன் 1801-ல் அடிகோலிய பள்ளிவாசல் ஆகிய நாலும் கால் மணி நேர நடைக்குள் இருக்கின்றன. இன்னும் சில அடி வைத்தால் சூலியா தெருவில் நாகூர் தர்கா! நாகூர் ஆண்டவரின் நினைவாகக் கடல் கடந்து போனவர்கள் எழுப்பியது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்களுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர். பக்கத்திலேயே மார்க்கெட் தெரு. தமிழர்களுக்கு அது என்றைக்கும் "கடைத்தெரு"தான்.

இட்லி தேடும் வீரர்கள்

தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்கள் விமான நிலையத்தில் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே இட்லி கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். கடைத்தெருவில் இட்லி, பொங்கல், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். சைவர்கள் சாப்பிடச் சீனரின் புத்த சமயச் சைவக் கடைகளும் உண்டு. ஆனால் நாலு நாளும் இட்லியே சாப்பிட்டுத் திரும்ப நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டுமா என்ன?

"ஆசாம் லக்சா" என்று ஒரு பதார்த்தம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கானாங்கெளுத்தி மீனை வேக வைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளி சேர்த்துக் கொதிக்க வைத்த சாறு. அதில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, ஒரு வகை இஞ்சிப் பூவின் அரும்பு. கடைசியாக, கறுப்புத் தேன்போல் ஓடுகிற இறால் விழுது ஒரு கரண்டி. மண்சட்டியில் முதல் நாள் வைத்த மீன் குழம்பை மறுநாள் சுவைத்தவனுக்கு இந்தச் சாறு அந்நியமல்ல. முதல் வாயில் முகம் சுளிப்பான். மூன்றாம் வாயில் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பான்!

"சார் குவே தியோ" என்பது தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், சிப்பிச் சதை, முளைப் பயறு, முட்டை போட்டு, தீ நாக்கு சட்டிக்குள் பாயும்படி வறுத்தெடுப்பது. சீனர் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். வேண்டாதவர்கள் முன்கூட்டிக் கேட்டுக் கொள்வது நல்லது. இதைச் சமைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல சமையற்காரர் ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான் வறுப்பார். பத்துத் தட்டைச் சேர்த்து வறுத்தால் சட்டியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்துவிடும். ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும்.

நாசி கண்டார் கடையில் காத்திருப்பது வேறு விதம். வரிசையில் நின்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மீன் தலை, கோழி, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கணவாய், வெண்டைக்காய் ஆகியவற்றில் வேண்டியதைக் காட்ட வேண்டும். பிறகு குழம்பு. ஒரே குழம்பை ஊற்றினால் அது நாசி கண்டார் அல்ல! மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, இறைச்சிக் குழம்பில் ஒரு கரண்டி என்று கலந்து ஊற்றுவார்கள். சோறு மிதக்க வேண்டுமானால் "பஞ்ஜிர்" என்று சொல்ல வேண்டும். பஞ்ஜிர் என்றால் வெள்ளம். கேம்பெல் தெருவில் 1907 முதல் இந்த வியாபாரம் நடத்தும் கடை ஒன்று இருக்கிறது.

குருவிக்கு வாடகை வீடு

சரி, இவ்வளவு ருசியும் ஒரே ஊரில் வந்து குவிந்தது எப்படி?

பெரிய ஓட்டல்களால் அல்ல. நெருக்கமான தெருக்களால்! கீழே கடை, மேலே வீடு. அப்படிப்பட்ட வீடுகளில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தார்கள். ஒருவர் சமையலை மற்றவர் மோந்து பார்த்தார். பிறகு ருசி பார்த்தார். பிறகு தாமே சமைத்தார். சீனரின் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம் வாங்கி, மிளகாயும் உருளைக்கிழங்கும் போட்டுப் புரட்டி "மீ கோரெங்" ஆக்கினார். பக்கத்து வீடு இல்லாமல் இது பிறந்திருக்குமா?

அந்தப் பக்கத்து வீட்டைக் காப்பாற்றி வந்தது ஒரு சட்டம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அது நீங்கியது. வாடகை துள்ளி ஏறியது. கூடை முடைகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், தள்ளுவண்டிக்காரர் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் சட்டி பானைகளோடு தீவின் மற்ற பக்கங்களில் எழும்பிய அடுக்கு மாடிகளுக்குப் போனார்கள்.

காலியான வீடுகளுக்கு யார் வந்தார்கள் தெரியுமா? குருவிகள்! சீனர் சூப் வைத்துச் சாப்பிடுகிற கூட்டைக் கட்டும் குருவி இனம் ஒன்று உண்டு. கூட்டுக்கு நல்ல விலை. ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டு, மனிதர் வாழ்ந்த வீடுகளில் குருவிகளைக் குடிவைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. அதன் பிறகுதான் பாரம்பரியப் பகுதியிலிருந்து குருவிகளைக் காலி செய்ய உத்தரவு வந்தது. குருவி போன இடத்துக்குப் பழைய குடும்பம் திரும்பவில்லை. காப்பிக் கடையும் சிறு ஓட்டலும் வந்தன.

வீட்டுச் சொந்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஐம்பது ஆண்டு அற்ப வாடகை வாங்கியவர், ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றப் பணத்துக்கு எங்கே போவார்? உல்லாசப் பயணிகளின் பணம் வராவிட்டால் இந்த வீடுகளில் பல இடிந்தே போயிருக்கும். உண்மைதான். ஆனால் சுவரைக் காப்பாற்றுவது ஒன்று, சுவருக்குள் எரியும் அடுப்பைக் காப்பாற்றுவது வேறு. முதலாவதற்குச் சாயம் போதும். இரண்டாவதற்குக் கட்டுப்படியாகும் வாடகை வேண்டும்.

கரண்டி யார் கையில்?

இன்னொரு தொல்லை. தள்ளுவண்டிக்காரரின் மகன் படித்து உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். போகட்டும், அதற்காகத்தானே அப்பன் சட்டி முன்னால் வெந்தான்! ஆனால் கரண்டியைப் பிடிக்க ஆள் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளிகளை வைத்துச் சமைத்தார்கள். பினாங்கு அரசாங்கம் விழித்துக் கொண்டது. தெருக் கடைகளில் பினாங்குப் பதார்த்தங்களை வெளிநாட்டார் சமைக்கக் கூடாது என்று 2014-ல் அறிவித்து, 2016-ல் அமலுக்குக் கொண்டு வந்தது.

வேடிக்கைதான். நாசி கண்டாரைக் காவடியில் சுமந்து வந்தவரே வெளிநாட்டார் அல்லவா? அன்று இப்படி ஒரு உத்தரவு இருந்திருந்தால் அந்தச் சோறே ஏது? தடை போட்டால் ருசி தங்காது. சமைக்கிறவன் கடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க முடிந்தால், அவன் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அடுப்படியில் நின்று கைப்பக்குவத்தைக் கற்றுக் கொள்ளும்.

2022 டிசம்பரில் மிச்செலின் புத்தகமும் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. டயர் செய்கிற பிரெஞ்சுக் கம்பெனி சாப்பாட்டுக் கடைகளுக்கு மார்க் போடும் புத்தகம் அது! பேர் வந்த கடையில் வெயிலில் நீண்ட வரிசை. நாலு கடை தள்ளி, அதே பதார்த்தத்தை அதே பக்குவத்தில் செய்கிற கிழவர் ஈ ஓட்டுகிறார்.

நீராவிப் படகுக் காலத்திலிருந்து கடலுக்கு மேல் கம்பு நட்டு வாழ்கிற சீனக் குடும்பங்களின் படகுத்துறைக் குடியிருப்புகளையும் பார்க்க வேண்டும். பலகைப் பாலத்தின் இரு பக்கமும் வீடுகள். வாசலில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்து கொண்டிருப்பாள். அவளைக் கேட்காமல் வீட்டுக்குள் காமிராவை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் கூடத்தில் இப்படி ஒருவன் நுழைந்தால் சும்மா விடுவார்களா?

நாலு நாளை எப்படிச் செலவழிப்பது? மலைக்கு ஒரு காலைப் பொழுது, கெக் லோக் சி கோயிலுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். மீதி நேரம் பழைய தெருக்களுக்கு. ஊரார் எப்போது சாப்பிடுகிறார்களோ அப்போது சாப்பிட வேண்டும். லக்சா பிற்பகலுக்கு, நாசி கண்டார் பசி மிகுந்த நள்ளிரவுக்கும் ஏற்றது. முதல் நாள் போன கடைக்கே மூன்றாம் நாளும் போனால், கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை எடுத்துவிடுவார். தமிழ் முஸ்லிம் கடை என்றால் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பார். ராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர் என்று பேச்சு வளரும்.

கடைசி நாள் காலையில் ஜாதிக்காய்ச் சர்பத் ஒரு குவளை குடித்துவிட்டு, சூலியா தெருத் தர்கா வாசலில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.