அண்ணாச்சியும் எர்த் வயரும்

என் மச்சினன் ஜங்ஷனில் ஜூஸ் கடை போடப் போகிறான் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பி.காம். படித்தவனுக்குக் கடை சம்பந்தப்பட்ட சகலமும் தெரியும் என்று நம் ஊரில் ஓர் ஐதீகம். எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். பேஸ், நியூட்ரல்? கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் மின்சார ஞானம்.

வயரிங்குக்கு அண்ணாச்சி இருக்கிறார். வயது 52. டெஸ்டரைப் பென்சில் மாதிரி காதில் செருகியிருப்பார். 1944-லேயே பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்தவர்கள் நாம். 2023 டிசம்பர் வெள்ளத்திலோ தண்ணீரே கரண்டைத் தேடி ஜங்ஷன் கடைகளுக்குள் வந்துவிட்டது. அப்போது சேற்றில் நின்று ஒவ்வொரு போர்டாகக் கழற்றித் துடைத்து, காய வைத்து, கடைகளுக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர்.

"அண்ணாச்சி, கடைன்னா லைசென்ஸ் கேப்பாங்களாமே?"

"தம்பி, நான் சங்கத்துல மெம்பர்லா!" என்று கார்டை நீட்டினார். போட்டோ, சீல், ரத்த வகை எல்லாம் இருந்தது.

இங்கேதான் சார், நம்மில் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். சங்க கார்டு வேறு, லைசென்ஸ் வேறு. சங்கத்தில் சேர்ந்தால்தான் வயரைத் தொடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. லைசென்ஸ் கொடுப்பது தமிழக அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம். 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி சொன்னதைத்தான் 2023-ல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் சொல்கிறது. புது வயரிங்கோ, கூடுதல் வயரிங்கோ, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் இவற்றில் பழசைக் கழற்றிப் புதுசு மாட்ட மட்டும் விலக்கு. (ஆக, நான் பல்பு மாட்டுவது சட்டப்படி குற்றமில்லை. என் மனைவிதான் குற்றம் என்கிறாள்.) கடைக்குத்தானே என்று நிம்மதிப்பட வேண்டாம். வீட்டு வயரிங்குக்கும் இதே கதைதான்.

அதற்குள் அண்ணாச்சி பாதி வயரிங்கை முடித்திருந்தார். ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். "இடத்துக்கெல்லாம் வர வேண்டாம் சார். ரிப்போர்ட்டைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்று ரேட்டும் சொன்னார்.

"அத்தான், ஜோலி முடிஞ்சிது!" என்றான் மச்சினன். எனக்கு இடித்தது. கணக்கையே புரட்டாமல் பாலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

அப்போதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட லீவில் அண்ணாச்சிக்கு வயர் சுருட்டிக் கொடுத்தவன். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்து, அப்புறம் டிப்ளமோ முடித்து, இப்போது லைசென்ஸ் கான்ட்ராக்டர். முறைப்படி வேலை ஆரம்பிக்கும்போதே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று என்னைக் கடிந்துகொண்டு, மெக்கரும் எர்த் டெஸ்டருமாக வந்தான்.

மெக்கர் வைத்துப் பார்த்ததில் அண்ணாச்சியின் வயரிங் நூற்றுக்கு நூறு. அண்ணாச்சி என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். எர்த் டெஸ்டரை மாட்டியதும் பையன் முகம் மாறியது. மறுபடி பார்த்தான். கொல்லையில் தோண்டச் சொன்னான். ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் அண்ணாச்சி இழுத்த பச்சை வயர் ஒழுங்காக வந்து பழைய எர்த் பைப்பில் சேர்ந்திருந்தது. பைப்தான் மண்ணுக்குள் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது.

ஜூஸ் கடை. தரையெல்லாம் ஈரம். மச்சினன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நிற்கிறவன். ஃப்ரீஸர் பாடியில் கரண்ட் இறங்கியிருந்தால்... என் மாமியார் முகம் வந்து போனது.

புது எர்த் போட்டார்கள். 30 மில்லி ஆம்பியர் லீக் ஆனாலே டிரிப் ஆகிற கருவியும் மாட்டினார்கள். செலவுக் கணக்கைப் பார்த்து மச்சினன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சியும் பேசவில்லை. அவரிடம் எர்த் டெஸ்டர் கிடையாது. முப்பது வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதும் கிடையாது.

சாயங்காலம் டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தேன். மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறார்கள். வயரிங்கில் 5 வருஷ அனுபவம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்கு அது இரண்டரை தடவை நிரம்பியாயிற்று.

"உதவியாளரா? நான் யாருக்குத் தம்பி உதவி? நான் கத்துக்கொடுத்த பயலுக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டீ ஆறிப்போனது.

நாலு நாள் கழித்து வீட்டு வாசலில் நின்றார். கையில் விண்ணப்பம். "எழுத்து வேலையெல்லாம் நீங்கதான் பாக்கணும்."

பூர்த்தி செய்தேன். அனுபவச் சான்று என்ற இடத்தில் பேனா நின்றது. இரண்டு பேரும் பையன் வீட்டுக்குப் போனோம். அவன் உட்காராமல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டான்.

அண்ணாச்சி பேப்பரை வாங்கிப் பார்த்தார். "ஏலே, அஞ்சு வருஷம்னு போட்டிருக்கியே. மிச்சம் இருபத்தஞ்சு எங்கல?"