புரையேறிய புளியங்கொட்டை

தர்மபுரி ஜில்லாவில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. வறுத்த கொட்டையை மென்றவாறே பேசுகையில், அது புரையேறிச் சுவாசக் குழாயில் இறங்கிவிடுதல் கூடும். பாக்கும் கட்டுப்பல்லும் அவ்வாறே. குழந்தைக்கு இது நேர்ந்தால் வீடே பதறுகிறது. பெரியவரோ சற்று இருமிவிட்டு மறந்துவிடுகிறார். அம்மறதியே விபரீதத்திற்குக் காரணமென்போம்.

அகன்று நேராக இறங்கும் வலப்புறக் கிளையிலேயே பெரும்பாலும் பொருள் தங்குகிறது. கொட்டை ஈரத்தில் ஊறிப் பருக்கிறது. நாளடைவில் சீழ் பிடிக்கிறது. இருமல் மாதக்கணக்கில் நீடிக்க, இழுப்பென்றும் க்ஷயமென்றும் எண்ணி மருந்து கொடுக்கப்படுவதுண்டு. எக்ஸ்ரே படத்தில் உலோகம் தெரியும். கொட்டை பெரும்பாலும் தெரியாது. ஆதலின், "இருமல் தொடங்குமுன் எப்பொழுதாவது புரையேறிற்றா?" என்று வைத்தியர் கேட்பது அவசியம். ஐயமிருப்பின் குழாயினுள்ளே நோக்கியே தீரவேண்டும்.

இவ்வித்தை புதிதன்று. 1897-ல் ஜெர்மானிய வைத்தியர் கில்லியன், ஒரு குடியானவரின் சுவாசக் குழாயில் சிக்கிய எலும்பை, கத்தியின்றி வாய்வழியே குழல் செலுத்தி எடுத்தார். 1960-களில் ஜப்பானிய வைத்தியர் இக்கேடா வளையும் குழலை உண்டாக்கினார்.

தர்மபுரியில் 2008-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. பென்னாகரத்துக் குடியானவரும் அரூர்க் கூலியாளும் இச்சிகிச்சைக்கு வெளியூர் அலையாதபடி, கருவியும் கைதேர்ந்தவரும் அங்கே எந்நேரமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நாட்பட்ட இருமலுடன் வருவோர் அனைவரிடமும் மேற்சொன்ன கேள்வியைக் கேட்குமாறு கிராம வைத்தியசாலைகளுக்குச் சர்க்கார் உத்தரவிட வேண்டுமென்றும் வற்புறுத்துகிறோம். அதற்கு ஒரு தம்பிடியும் செலவில்லை.