சீன வர்த்தகத் தொழிற்சபையின் வரலாறும் மரபுநடைப் பலகைகளும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

ஹில் ஸ்திரீட் மரபுநடைக்கான பலகை வாசகங்களின் இறுதி வரைவு எமக்கு அனுப்பப்பட்டு, ஒரு வாரத்துக்குள் ஒப்புதல் கேட்கப்பட்டுள்ளது. கடந்த பொதுக்கூட்டத்தில் இதுபற்றி நடந்த விவாதத்தை உறுப்பினர்கள் அறிவார்கள். செயற்குழு இரண்டு முறை கூடிப் பேசியது. எல்லாக் கூறுகளிலும் ஒருமித்த கருத்து ஏற்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றில் எவரும் மாறுபடவில்லை. இப்போதுள்ள வடிவில் இந்த வாசகங்களை எமது வழிகாட்டிகள் மக்கள்முன் சொல்லப்போவதில்லை.

வரைவில் இருப்பவை பெரும்பாலும் சரியான தகவல்களே. 1906இல் சிங்கப்பூர்ச் சீன வர்த்தகத் தொழிற்சபை தொடங்கியது, கோ சியூ டின் முதல் தலைவராக இருந்தது, 1964இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது, அதிலுள்ள ஒன்பது-டிராகன் சுவர்கள் ஆகியவற்றில் எமக்கு ஆட்சேபம் இல்லை. ஹொக்கியன், தியோச்சியூ குழுக்களுக்கு இடையே இருந்த போட்டியை இன்னும் சற்று விளக்கியிருக்கலாம். ஐம்பதுகளில் குடியுரிமைக்காகவும், சட்டமன்றத்தில் பல மொழிகள் ஒலிக்கவும் சபை போராடியதற்கு இன்னொரு வரி ஒதுக்கினால் நன்றாக இருக்கும். இவை பரிந்துரைகள் மட்டுமே.

எமது எதிர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1942இல் நடந்த கொலைகளுக்கும், 1967 வரை கால் நூற்றாண்டு நீண்ட அவற்றின் தொடர்ச்சிக்கும் வரைவில் ஒரே ஒரு வாக்கியம்: “போர்க்காலத்தில் சபையின் பணிகள் தடைபட்டன.”

தடைபட்டன! மழை வந்து ஆட்டம் தடைபடும். ஆயிரக்கணக்கானோரை லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றதற்கும் அதே சொல்லா?

நடந்ததைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறோம். 1937இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்தபின், தொழிலதிபர் டான் கா கீ தலைமையில் தென்கிழக்காசியச் சீனர்கள் நிவாரண நிதி திரட்டினார்கள். பெருவணிகர் முதல் ரிக்‌ஷா இழுத்தவர் வரை கொடுத்தார்கள். அதை ஜப்பானிய ராணுவம் மறக்கவில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றே நாளில் ‘சூக் சிங்’ என்ற களையெடுப்பு தொடங்கியது. சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, பொறுக்கியெடுத்துக் கொன்றார்கள். அது போதாதென்று மலாயா, சிங்கப்பூர் சீனர்கள்மீது 50 மில்லியன் வெள்ளி ‘நன்கொடை’ சுமத்தப்பட்டது. திரண்டது 28 மில்லியன்தான். மீதி 22 மில்லியனை ஜப்பானிய வங்கியான யோக்கோஹாமா ஸ்பீஷியிடமே கடன் வாங்கிக் கொடுக்க வைத்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1962 பிப்ரவரியில், சிக்லாப்பில் மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றைத் தோண்டியெடுத்து அடக்கம் செய்யும் பொறுப்பைச் சபை ஏற்றது. ரப்பர், அரிசி, வங்கி என்று கணக்குப் பார்த்துவந்த வணிகர்களின் அமைப்பு, தீவெங்கும் புதைகுழிகளைத் தேடிப் போனது. அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல வழியில்லை. அதனால் ஒரு பெயரும் எழுதாமல் 606 தாழிகளில் வைத்தார்கள்.

1963 ஆகஸ்ட் 25இல் சபையின் அழைப்பை ஏற்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நகர மண்டபத்தின் முன் திரண்டு, போர்க்காலக் கொலைகளுக்கான ‘ரத்தக் கடனை’த் தீர்க்கச் சொல்லி ஜப்பானிடம் கேட்டார்கள். கேட்டது 50 மில்லியன் வெள்ளி. 1966இல் ஜப்பான் ஒப்புக்கொண்டதும் 50 மில்லியன்தான். ஆனால் அதில் பாதி மானியம், பாதி கடன். கொன்றதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார்கள். இதைச் சொல்லாமல் சபையின் கதையை முடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்று கருதுகிறோம்.

கொல்லப்பட்டோருக்காகப் பீச் ரோட்டில் நிற்கும் நினைவுச்சின்னம் 1967 பிப்ரவரி 15இல் திறக்கப்பட்டது. முதலில் சீனர்களுக்காகத் திட்டமிடப்பட்ட சின்னம், எல்லா இனத்தாருக்கும் உரியதாக மாறியது. நிலத்தை அரசு கொடுத்தது. மக்கள் தந்த பணத்துக்கு இணையாகவும் கொடுத்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு தூண்கள் ஒரே அடித்தளத்திலிருந்து எழுகின்றன. எமது வழிகாட்டிகள் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதுண்டு. தூண்களுக்கு நடுவே உள்ள பீடத்தைச் சுற்றிவந்து, பிள்ளைகள் அவரவர் மொழி எழுத்தைத் தேடுவார்கள். தமிழ் எழுத்தைக் கண்டதும் ஒரு பிள்ளை சத்தமாக எழுத்துக்கூட்டும். பிறகு, “எலும்பெல்லாம் எங்க இருக்கு, சார்?” என்ற கேள்வி வரும். நிற்கிற மேடையின் இருபுறமும் மண்ணுக்கடியில் என்று சொன்னதும், பேச்சு நின்றுபோகும். சில பிள்ளைகள் காலை மெல்ல நகர்த்திக்கொள்ளும். அந்த மௌனத்தை எந்தப் பலகையாலும் தர முடியாது. குறைந்தபட்சம் அதை மறைக்காமல் இருக்கலாம்.

சுற்றுப்பயணிகளுக்குச் சோகமான செய்தி வேண்டாம், இன்றைய வணிக உறவுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற வாதங்கள் எம்மிடம் வைக்கப்பட்டன. அவற்றை மரியாதையுடன் பரிசீலித்தோம். இன்றைய ஜப்பானிய மக்கள்மீது எமக்கு எந்தப் பகையும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறோம். ஆனால் சபை ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் அங்கே நினைவஞ்சலி நடத்துகிறது. அந்த வணிகர்களே வெளிப்படையாக நினைவுகூர்வதை, அவர்களுடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் மறைப்பது என்ன நியாயம்?

ஆகவே, எமது நிலைப்பாடு:

1. 1942–1967 காலத்துக்குத் தனிப் பலகை வேண்டும். அதில் 606 தாழிகள் இடம்பெற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

2. பீச் ரோடு நினைவுச்சின்னத்தை நடையின் கடைசி நிறுத்தமாகச் சேர்ப்பது, இயன்றவரையில், பரிசீலிக்கப்பட வேண்டும். ஹில் ஸ்திரீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

3. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை பற்றி ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டதற்கும் சீனச் சமூகத்தின் மதிப்பீட்டுக்கும் பெரும் இடைவெளி உண்டு. இரண்டையும் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்.

4. வாசகம் திருத்தப்படும் வரை எமது வழிகாட்டிகளை அனுப்புவதைத் தற்போதைக்கு நிறுத்திவைக்கிறோம். பேச்சுவார்த்தைக்கு எமது கதவு திறந்தே இருக்கிறது.

‘தடைபட்டன’ என்ற சொல் முதலில் போகட்டும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்