முதியோர் பகல் இல்லங்களும் அரசாங்க மேற்பார்வையும்

முதியோரைப் பேணுதல் பற்றிப் பேசத் தொடங்குவோர், நம் நாஞ்சில் நாட்டில், முதற்கண் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கமாயிருக்கின்றது. முற்காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது என்றும், அதனுள் தாத்தாவும் பாட்டியும் குறைவின்றி வாழ்ந்தனர் என்றும், இக்காலத்துப் பிள்ளைகளே அவ்வொழுங்கைக் குலைத்துவிட்டனர் என்றும் அவர் கூறுவர். இக்கூற்று முழுதும் மெய்யன்று. இந்நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி நிலவிய காலத்தில், காரணவர் கண்மூடிய பின்பு அவர் மனைவியும் மக்களும் 'உகந்துடைமை' என்னும் சிறு பங்கிற்காக வழக்காடி அலைந்ததுண்டு. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அம்முறையை எள்ளி ஒரு நூலே இயற்றினார்கள். திருவிதாங்கூர் அரசாங்கம் 1926-ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியே அவ்வழக்கத்தை மாற்றவேண்டியதாயிற்று. அன்பு குடிகொண்ட வீட்டில் முதியோர் அன்றும் நலமாயிருந்தனர். அஃது இல்லாத வீட்டில் அன்றும் அல்லலுற்றனர். குடும்பத்துக்குள் சட்டம் தலையிடுவது இன்று நேர்ந்த புதுமையுமன்று.

இக்காலத்தில் மெய்யாக மாறியிருப்பது வீட்டில் இருப்போரின் தொகை. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாம் கேரளத்தாரோடு ஓர் அரசின்கீழ் இருந்தவர்கள்; கல்வியிலும், குறைந்த பிள்ளைப் பேற்றிலும், வேலை தேடிக் கடல் கடப்பதிலும் அவர்களையே பெரிதும் ஒத்திருக்கின்றோம். நம் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் அதே கணக்கின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர். கற்றவர் வெளியேறுவது இயல்பே. மகன் துபாயில் இருக்கின்றான். மகள் அயல்நாட்டு மருத்துவமனையொன்றிற் செவிலியாய் யார் யாருடைய பெற்றோரையோ பேணிக்கொண்டிருக்கின்றாள். ஊரிலேயே தங்கிய மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்கே திரும்புவர். இடைப்பட்ட பத்து மணி நேரம், ஞாபகம் மங்கிய ஒரு தாயார் பூட்டிய கதவுக்குள்ளே தனித்திருக்கிறார். அவருக்கு வேண்டுவது முதியோர் விடுதியன்று. பகற்பொழுதைப் பத்திரமாய்க் கழிப்பதற்கு ஓரிடமும், மாலையில் திரும்பி வருவதற்குத் தம் வீடுமே ஆகும்.

அத்தகைய இடத்தையே பகல் இல்லம் என்கின்றோம். காலையில் வண்டி வந்து முதியவரை அழைத்துச் செல்லும். அங்கே உணவும், பேச்சுத் துணையும், உடற்பயிற்சியும், வேளைக்கு மருந்தும் கிடைக்கும். மாலையில் அதே வண்டி வீட்டிற் கொண்டுவந்து விடும். இது நம் நாட்டிற்கு முற்றிலும் அயலானதன்று. மத்திய அரசாங்கம் 1992-ஆம் ஆண்டிலேயே முதியோர் நலத் திட்டமொன்றை வகுத்து, இத்தகைய பகல் நிலையங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கும் உதவிப்பணம் அளிக்கலாயிற்று. களியக்காவிளையைக் கடந்து அப்பாற் சென்றால், கேரளத்து உள்ளாட்சி மன்றங்கள் 'பகல் வீடு' என்னும் பெயரால் இவற்றை நடத்துவதைக் காணலாம். தமிழ்நாட்டு அரசாங்கமும் 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'அன்புச்சோலை' என்னும் பெயருடன் 25 பகல் நிலையங்களை 10 கோடி ரூபாய்ச் செலவில் நிறுவுவதாக அறிவித்தது. அரசாங்கம் முன் சென்றால் தனியாரும் பின் செல்வர். முதியோர் பெருகி, அயல்நாட்டுப் பணமும் வந்து சேரும் இம்மாவட்டத்தில் அவர் விரைந்தே வருவர். வருமுன்னரே இவ்வில்லங்களை யார் பதிவு செய்வது, யார் பார்வையிடுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

'ஒருவர் பணம் கொடுக்கிறார், மற்றொருவர் பணி செய்கிறார். இடையிலே அரசாங்கத்திற்கு என்ன வேலை?' என்று கேட்பார் உளர். கோட்டாற்றுச் சந்தையிற் காய் வாங்குவோன் அழுகியதைக் கண்டால் மறுநாள் வேறு கடைக்குப் போவான்; அந்த அச்சமே கடைக்காரனை நேர்மையில் நிறுத்தும். ஆனால், பகல் இல்லத்திற் பணம் கொடுப்பவர் ஒருவர், உண்பவர் வேறொருவர். கொடுப்பவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்து, கைப்பேசியில் ஐந்து நிமிடம் தந்தையின் முகத்தைக் காண்கிறார். அந்த ஐந்து நிமிடத்தில் தந்தை சவரம் செய்யப்பெற்று, வெள்ளை வேட்டி உடுத்து, நாற்காலியில் அமர்ந்திருப்பார். எஞ்சிய நேரத்தில் நிகழ்ந்ததை அவர் சொல்லவேண்டும். சொல்லுவதற்கு நினைவு வேண்டும். நினைவு இருப்பினும் மகன் மனம் நோகுமே என்று அடக்கிக்கொள்ளும் பெற்றோரே பலர். குறை கூறக்கூடியவர் காணாமலும், கண்டவர் கூறாமலும் இருக்கும் இவ்விடத்திற் சந்தையின் நியாயம் செல்லாது. அவ்விருவருக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கண் வேண்டும்.

ஒரு பகலில் அப்படி என்ன கேடு விளைந்துவிடும் என்று எண்ணலாகாது. முதியோருள் நீரிழிவு உடையவர் மிகுதி. மாத்திரையை உட்கொண்டபின் உணவு ஒரு மணி நேரம் பிந்தினால் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதனைப் பகலுறக்கம் என்று கருதி விட்டுவிடுவோரும் உளர். பக்கவாதம் கண்டவர்களுக்கு விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கும். அவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உணவைச் சிறு சிறு வாயாக ஊட்டவேண்டும். சாய்ந்த நிலையில் அவசரமாய் ஊட்டினால் அது மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். பளபளப்பான தரை பார்ப்பதற்கு அழகு. ஈரம் பட்டால் அதுவே இடுப்பெலும்பு முறிவிற்குக் காரணம். கழிப்பிடத்திற்கு அழைத்துச் செல்ல ஆளில்லாத இல்லங்களில் முதியோருக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் உண்டாகலாம். அதன் பயனாக நீர்க்கடுப்பும், அதனாற் சித்தக் கலக்கமும் நேரும். அலைந்து திரியும் இயல்புடையவரை நாற்காலியோடு கட்டி வைத்தலும், உறக்க மாத்திரை கொடுத்து அடக்குதலும் இவற்றிலும் கொடியன. இவை யாவும் பெரும்பாலும் பகைமையால் நிகழ்வன அல்ல. இருபது பேருக்கு ஒரே பணிப்பெண் இருந்தால், அவள் எத்துணை நல்லவளாயினும், நிகழ்ந்தே தீரும்.

இனி, நடைமுறையில் உள்ள சட்டங்களைப் பார்ப்போம். வடசேரியிலே தேநீர்க்கடை வைப்பவர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். சிறார் இல்லங்களுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு உண்டு; மகளிரும் சிறாரும் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டிலேயே 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. முதியோருக்கென்று 2007-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் 150 ஏழை முதியோர் தங்கத்தக்க விடுதி அமைத்தல் பற்றிப் பேசுகிறது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் பெறும் வழியைக் கூறுகிறது. பகல் இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. முதியோர் காப்பகங்களுக்கும், வீடு தேடிப் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் மக்களவையிற் கொண்டுவரப்பட்டது; நிறைவேறாமலே 2024-ஆம் ஆண்டில் அவ்வவை கலைந்தபோது காலாவதியாயிற்று. தமிழ்நாட்டு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் வெளிவந்தது 2018-ஆம் ஆண்டிலேயே. விதிகள் வருவதற்குள் இருபத்தோராண்டு கடந்தது. அறுபது வயதில் அவ்விதிகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கியவர், உயிரோடிருந்தால், எண்பத்தொன்றிற் கண்டிருப்பார்.

சட்டம் இருந்துவிட்டாற் போதும் என்பதும் என் வாதமன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. ஓட இயலாமல் மாண்டவர் 28 பேர். அத்தகைய இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. விதித்ததை நடத்துவிக்கப் போனவர் இல்லை. மூன்றாண்டு கழித்து, 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். அங்கே நிலைமை வேறு: அஃது அரசாங்க உதவி பெற்ற பள்ளி, அதிகாரிகளின் கண்காணிப்புக்கு உட்பட்டது. முதலாவது இடத்திற் சான்றிதழ் இல்லை. இரண்டாவது இடத்திலோ அரசாங்கத்தின் பார்வை இருந்தும் கூரைக்கீற்றும் அடுப்பும் அதன் கண்ணிற் படவில்லை. சுவரில் மாட்டிய காகிதம் ஒருவரையும் காவாது. நேரிற் சென்று பார்க்கும் ஆள் வேண்டும்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்தனர் என்பதையும் ஒருவாறு நோக்கலாம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர் பேட்டையில், முதியோரை விடுதிக்கு அனுப்ப மனமில்லாத குடும்பங்களின் பொருட்டு, 'ஆன் லோக்' என்னும் நிலையம் 1970-களின் தொடக்கத்திற் பகல் மருத்துவப் பராமரிப்பைத் தொடங்கியது. பின்னர்க் கலிபோர்னியா மாநிலம் அப்பணிக்கெனவே சட்டம் இயற்றி இரு படிகளை வகுத்தது. இல்லத்தைத் திறப்பதற்கு உரிமம். ஏழை நோயாளருக்காக அரசாங்கம் தரும் பணத்தைப் பெறுவதற்குத் தனியே ஒரு தகுதிச் சான்று. இப்பிரிவினையை நாமும் கொள்ளலாம் என்று தோன்றுகிறது. முதலாவது, தீங்கு நேராமற் காப்பது. இரண்டாவது, பொதுப்பணம் வீணாகாமற் காப்பது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால், அரசாங்கப் பணம் வேண்டாதவர் எவ்வித மேற்பார்வையும் இன்றித் தப்பிப்பர். மறுபுறம், சான்றை மட்டும் நம்பி வாழ்வதிலும் இடர் உண்டு. 2011-ஆம் ஆண்டிற் பணமுடை ஏற்பட்டபோது அம்மாநிலம் அந்த உதவியையே நீக்க முற்பட்டது. முதியோர் சார்பில் வழக்கு நடந்து, 2012-ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் அது மீண்டது.

மேற்பார்வைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் ஒன்றை மட்டும் நான் மிகுதியாக மதிக்கின்றேன். நம் ஊர்களில் இப்பணியைத் தொடங்கத்தக்கவர் பெருஞ்செல்வர் அல்லர். ஒரு திருச்சபையின் மாதர் சங்கம், ஓர் ஊர்வகைக் கோயிலின் நிர்வாகக் குழு, பஞ்சாயத்து, ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகள் ஆகிய இவர்களே. சமுதாயக் கூடம் ஒன்றிற் பாய் விரித்து, பத்து முதியோருக்குக் கஞ்சியும் பயறும் கொடுத்து, மாலைவரை கதை பேசிக்கொண்டிருக்கும் இவர்களிடம் இத்தனை சதுர அடி, இத்தனை கட்டில், நிரந்தர மருத்துவர் ஒருவர் என்று கேட்டால், அவர்கள் கைகூப்பி விடைபெற்றுக்கொள்வர். எஞ்சுவது நகரத்துப் பெரிய கட்டடமும் அதன் பெரிய கட்டணமும். ஏழை முதியவர் மீண்டும் பூட்டிய கதவுக்குள்ளே போவார். அன்றியும், விதிகள் பெருகுமிடத்துக் கையூட்டும் பெருகும் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

ஆதலின் படிநிலை வேண்டும். உணவும் துணையும் மட்டும் தரும் இல்லம் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கட்டணமின்றிப் பெயர் பதிந்துகொண்டாற் போதும். ஓலைக்கூரை இன்மை, இரு வாயில், வழுக்காத தரை, கைப்பிடியுள்ள கழிப்பிடம், நல்ல குடிநீர் ஆகியன மட்டுமே நிபந்தனை. எந்த இல்லம் முதியவர் கையில் ஒரு மாத்திரையையேனும் எடுத்துக் கொடுக்கிறதோ, தானாக எழுந்து நடக்கமாட்டாதவரை ஏற்கிறதோ, அன்று முதல் அஃது இரண்டாம் படியைச் சேரும். அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பகல் முழுதும் இருத்தல் வேண்டும்; இத்தனை முதியோருக்கு இத்தனை பணியாளர் என்ற வரையறையும், மருந்துக் குறிப்பேடும், அவசர காலத்தில் எந்த மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது என்ற ஏற்பாடும் வேண்டும். 'நாங்கள் தர்மத்திற்குச் செய்கிறோம், எங்களைக் கேட்பது தகாது' என்ற சொல் இப்படியிற் செல்லாது. பணம் பெறாமற் கொடுத்தாலும் தவறான மருந்து தவறான மருந்தே.

பார்வையிடுவோர் யாவர்? மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள சிலரால் மட்டும் இஃது ஆகாது. ஆனால், ஆள் பஞ்சம் என்று சொல்ல நம் மாவட்டத்துக்கு உரிமையில்லை. நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிற்று. நாகர்கோவிற் கேத்தரின் பூத் மருத்துவமனையும் நூறாண்டு கடந்தது. ஆசாரிப்பள்ளத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி உண்டு. இவற்றிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற செவிலியர் நம் தெருக்களிலேயே குடியிருக்கின்றனர். ஒரு வட்டத்திற்கு இவர்களுள் ஒருவரும், முதியோர் குடும்பத்தார் ஒருவரும், உள்ளாட்சி உறுப்பினர் ஒருவருமாக மூவர் குழு அமைத்து, முன்னறிவிப்பின்றி எவ்விடத்தும் நுழைந்து பார்க்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளிக்கலாம். அவர்கள் எழுதும் குறிப்பு இல்லத்தின் வாயிலிலேயே தமிழில் ஒட்டப்படவேண்டும்; துபாயில் இருக்கும் மகனும் அதனைப் படிக்கத்தக்கவாறு வெளியிடப்படவேண்டும். முறையீடு கேட்கும் இடம் புதிதாக ஏற்படுத்தவேண்டுவதில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் கோட்டாட்சியர்கள் முன்னமே முதியோர் வழக்குகளை விசாரித்து வருகின்றனர். இதனையும் அவர்களிடமே ஒப்புவிக்கலாம்.

அக்குழுவினருக்கு ஒன்று மட்டும் சொல்லுவேன். காலை பத்து மணிக்குப் போகவேண்டா. அப்போது எல்லா இல்லமும் குளித்துப் பொட்டிட்டு அழகாயிருக்கும். பிற்பகல் இரண்டரை மணிக்குப் போகவேண்டும். உணவு முடிந்து, பணியாளர் களைத்து, தொலைக்காட்சி தானாகப் பேசிக்கொண்டிருக்கும் வேளை அது. அவ்வேளையில், சுவரோரம் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்டால் எத்தனை நிமிடத்திற் கிடைக்கிறது என்று பார்த்து, அதனைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதவேண்டும்.