நாவுக்கு வராத ஆங்கிலம்

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை நம்பி வாழும் ஊர் தருவைகுளம். அவ்வூர்ப் படகுகள் காலையில் போய் மாலையில் கரை சேருபவை மட்டுமல்ல. நாள் கணக்கில் ஆழ்கடலில் கிடந்து மீன் பிடிக்கும் தங்குகடல் படகுகளும் உண்டு. 2023 அக்டோபரில் அவ்வூர் மீனவர் 12 பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்து வைத்தது. 2024 ஆகஸ்டில் 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது.

எல்லை வழக்கை இன்று நாம் பேசவில்லை, தோழர்களே! நாம் கேட்பது வேறு. அயல்நாட்டுக் காவல் கப்பல் அருகே வந்து ஒலிபெருக்கியில் அதட்டும்போது, படகிலிருப்பவன் எந்த மொழியில் பதில் சொல்வான்? அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நம் மீனவனுக்குத் திவேகி தெரியாது. இருவருக்கும் இடையே கிடக்கும் ஒரே பாலம் ஆங்கிலம். ஆண்டுக்கணக்கில் பள்ளியில் படித்த ஆங்கிலம்! அது ஏட்டில் இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. நாவில் இருக்கிறதா?

இல்லை! பிள்ளை மந்தமா? அல்ல. புத்தகம் மோசமா? அதுவும் அல்ல. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலைப் புரட்டுங்கள். முதல் பாடமே அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓ'பிளாகர்ட்டியின் கடற்பறவைக் கதை. பறக்க அஞ்சிப் பாறையில் ஒண்டிக்கிடக்கும் குஞ்சு, தாய் அலகில் காட்டும் மீனைப் பார்த்துப் பசி தாளாமல் பாய்கிறது, பாய்ந்தபின் பறந்துவிடுகிறது. கடற்கரைப் பிள்ளைக்கு இதற்குப் படம் வேண்டுமா? சன்னலைத் திறந்தால் போதும்! இன்னொரு பாடம், 2017-18-இல் 'தாரிணி' பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றிய ஆறு கடற்படைப் பெண்களைப் பற்றியது. மற்றொன்று அல்போன்ஸ் தோதேயின் கடைசி வகுப்புக் கதை. பிரெஞ்சு கூடாது, ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து ஆணை வந்த நாளின் கதை. 1938-லும் 1965-லும் சிறை புகுந்த இயக்கத்தாருக்கு அதை விளக்கவும் வேண்டுமோ?

இத்தனை நல்ல பாடத்தை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்? எழுதச் சொல்கிறோம். மனப்பாடப் பாட்டை எழுது, கோடிட்ட இடத்தை நிரப்பு, நோட்ஸில் உள்ளதை அப்படியே கக்கு! பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. அமிலத்தைத் தொட்டுப் பார்க்காமல் வேதியியல் இல்லை என்று ஒப்புக்கொண்ட நாம், வாய் திறக்காமலே ஒரு மொழி வந்துவிடும் என்று எப்படி நம்பினோம்? ஆங்கிலத்துக்கு நூற்றுக்கு நூறும் தாள்தான். முன்பு இரண்டு தாள் இருந்தது. 2019-20 முதல் ஒரே தாளாக்கினார்கள். பிள்ளையின் சுமை குறைந்தது, நல்லதே. ஆனால் ஊமைத் தேர்வு ஊமைத் தேர்வாகவே நிற்கிறது. நீந்தத் தெரியுமா என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கடலில் தள்ளுவார் உண்டா?

ஆசிரியர் கதைக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், 'மொழிகள்' என்று ஒருவர். மொழிகள்! தமிழும் ஆங்கிலமும் ஒரே மூட்டை! இதற்குக் குறையக்கூடாது என்பதே சட்டம். இதற்குமேல் வைக்கத் தடையில்லை. ஆனால் குறைந்தபட்சத்தையே கூரையாக்கிக் கொள்வது அலுவலகங்களின் வழக்கமாயிற்றே! ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அவ்வகுப்பு வரலாற்று ஆசிரியர் தலையிலோ அறிவியல் ஆசிரியர் தலையிலோ விழுகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டோம். படகோட்டியை வலை பின்னச் சொன்னால் அவனும் ஏதோ பின்னுவான்.

வழி தெரியாத நாடா இது? 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே சென்னை மாகாணத்தில், தொடக்க நிலை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் பெரும் முயற்சி நடந்தது. ஒருவர் பலரைப் பயிற்றுவிக்க, அவர்கள் இன்னும் பலரைப் பயிற்றுவிப்பது. பனியுருண்டை என்று வெள்ளைக்காரர் அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் வெயிலில் பனி எத்தனை தூரம் உருளும்? கைமாறக் கைமாறச் சரக்கு கரைந்தது என்பதே நம் கணிப்பு. பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் வேறொரு சோதனை செய்தார். இலக்கணத்தை உருப்போடச் சொல்லவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்தார், வரைபடத்தைக் கொடுத்தார், கணக்குப் போட்டு விடை சொல் என்றார். பொருளில் மனம் சென்றால் மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சி நூல்கள் அந்தச் சோதனையைப் பேசுகின்றன. நம் வகுப்பறைதான் பேசவில்லை!

1968 சனவரி 23-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்றோம். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட மறுத்ததற்காக 2024-25-இல் டில்லி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோதும் பணியவில்லை. அந்த வீரம் நமக்குப் பெருமை. ஆனால் இரண்டே மொழி என்று ஊரறியச் சொன்னவன், அந்த இரண்டாவதை உருப்படியாகக் கொடுக்கக் கடன்பட்டவன் அல்லவா? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்துவிட்டதே என்பார்கள் சிலர். பலகை மாறினால் நாக்கு மாறிவிடுமா?

நாம் கேட்பது இதுதான். அறிவியலைப் போல ஆங்கிலத்துக்கும் 25 மதிப்பெண் பேச்சுத் தேர்வுக்கு ஒதுக்குங்கள். கடற்கரை உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் இடம் சூன் மாதத்திலேயே நிரம்பட்டும். கடலில் பேசுவதற்கென்றே எளிய ஆங்கிலத் தொடர்களை உலகக் கடல்சார் அமைப்பு 2001-இல் வகுத்துத் தந்திருக்கிறது. ஆபத்துக்கு அழைப்பது எப்படி, இருக்குமிடம் சொல்வது எப்படி என்ற அந்தத் தொடர்கள் தருவைகுளத்து வகுப்பில் ஒலிக்கட்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இங்கே ஆங்கிலம் நடத்துபவர் ஆங்கிலம் படித்தவரா, இந்த இடம் எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை ஊர்ப் பெயரோடு நமக்கு எழுதி அனுப்புங்கள்.