பச்சை பிளேட்டும் பன்னிரண்டு லட்சமும்

பச்சை நம்பர் பிளேட் வண்டிக்காரர்களைப் பார்த்து ‘ஓசியில ரோட்டைத் தேய்க்கிறவங்க’ என்று சொல்வது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. நூறு ரூபாயை நீட்டி பங்கில் ஒரு லிட்டர்கூட முழுதாக வாங்க முடியாமல் திரும்புகிறவருக்கு அந்தக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை. என்னிடமும் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அதற்கு நான் ஒரு பைசா லைஃப் டாக்ஸ் கட்டவில்லை. ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எங்களுக்குத் தள்ளுபடியானவை இரண்டு. ஒன்று, பதிவுக் கட்டணம். பேட்டரி வண்டிகளுக்கு ஆர்.சி. கொடுக்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் கிடையாது என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு சொல்லிவிட்டது. இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய், காருக்கு 600 ரூபாய் சமாச்சாரம், விட்டுவிடலாம். இன்னொன்றுதான் பெரிய காசு: மாநில அரசின் சாலை வரி, அதாவது லைஃப் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் முழு விலக்கு வந்தது. முதலில் 2022 கடைசிவரை என்றார்கள். 2023 பிப்ரவரியில் வந்த புதிய மின்வாகனக் கொள்கை அதை 2025 கடைசிவரை நகர்த்தியது. கெடு நெருங்கும்போதெல்லாம் ‘இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்’ என்ற குரலும் கிளம்பும்.

இடையில் நடந்த ஒன்றை யாரும் அதிகம் பேசவில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு வாகன வரியை உயர்த்தியது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. கார் என்றால் ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20 சதவீதம். பெட்ரோல் வண்டிக்காரர்களின் சுமை ஏறிய அதே நாளில், விரலைக்கூட அசைக்காமல் எங்கள் சலுகையின் மதிப்பும் ஏறியது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஸ்கூட்டர் வாங்கும் தபால்காரருக்கோ டியூஷன் டீச்சருக்கோ மிச்சம் 14,400 ரூபாய். அறுபது லட்ச ரூபாய்க்கு ஒரு மின்கார் வாங்குகிறவருக்கு மிச்சம் பன்னிரண்டு லட்சம். பத்து ஸ்கூட்டர் வாங்கும் பணத்தை அவர் கையில் கொடுத்து, ‘சுற்றுச்சூழலைக் காப்பாற்றியதற்கு நன்றி’ என்று அரசு கும்பிடு போடுகிறது. சலுகை இல்லாவிட்டால் அவர் என்ன, மொபட்டிலா போயிருப்பார்? இன்னொரு பெரிய கார் வாங்கியிருப்பார், அவ்வளவுதான். வரியை மிச்சப்படுத்த விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்யும் பழைய வித்தை நமக்குத் தெரியாததல்ல. மின்கார் வந்ததில் அந்த ஈ.சி.ஆர். பயணமும் மிச்சம்.

என் மனக்குறை இதுதான். மின்வண்டிக்குச் சலுகை கூடாது என்று நான் சொல்லவில்லை. விலையில் இத்தனை சதவீதம் என்று போடும் வரியை உச்சவரம்பே இல்லாமல் தள்ளுபடி செய்தால், வசதி கூடக்கூடப் பரிசும் கூடும். பக்கத்து மாநிலங்களுக்கு இது உறைத்துவிட்டது. கர்நாடகம் 2024-ல் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீத வரி போட்டது. கேரளம் 2025 பட்ஜெட்டில் பதினைந்து லட்சம் வரை 5 சதவீதம், இருபது லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 என்று படிக்கட்டு வைத்தது. இரண்டு இடத்திலும் முனகல் எழுந்தது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

‘ரோட்டைத் தேய்க்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். லைஃப் டாக்ஸ் வண்டியின் விலையைப் பார்த்துப் போடப்படுவது, ஓடும் தூரத்தைப் பார்த்து அல்ல. வீட்டு வாசலில் தூங்கும் காரும் தினம் திருச்சி போய்வரும் காரும் ஒரே வரிதான் கட்டுகின்றன. ஓடும் தூரத்துக்கு ஏற்ற வரி பெட்ரோலில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்தியக் கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் ஏறி 21 ரூபாய் 90 காசானது. அதன் தலையில் மாநிலத்தின் வாட், 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும். இரண்டையும் சேர்த்தால் லிட்டருக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் போகிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் பைக்கில் வருடம் இருபதாயிரம் கிலோமீட்டர் சுற்றும் சாப்பாட்டு டெலிவரித் தம்பி நானூறு லிட்டர் போடுவார். பதினாறாயிரம் ரூபாய் வரி, அவருக்கே தெரியாமல், வருடா வருடம். மேலே சொன்ன அறுபது லட்சக்காரர் இந்த வகையில் கட்டுவது பூஜ்யம். சுங்கச்சாவடியில் மட்டும் பாஸ்டேக் அவரிடமும் காசு பிடிக்கும்.

பேட்டரியின் எடையால்தான் சாலை பாழாகிறது என்பதும் காதில் விழுகிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: ஓர் அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். அந்தக் கணக்குப்படி சாலையை உடைப்பது அளவுக்கு மீறி மணல் ஏற்றிய லாரி. காரில் இருநூறு கிலோ பேட்டரி கூடினால் சாலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஸ்கூட்டரைச் சேர்த்துப் பேசுவதே வேடிக்கை.

அதற்காக இன்னொரு கோடிக்கும் போய்விடக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2023 செப்டம்பரிலிருந்து புது மின்காரைப் பதிவு செய்ய 400 டாலர் கூடுதல், பிறகு வருடம் 200 டாலர். ‘பெட்ரோல் வரி கட்டாததற்கு ஈடு’ என்கிறார்கள். அங்கே மாநிலப் பெட்ரோல் வரி கேலனுக்கு 20 சென்ட், 1991 முதல் மாறவே இல்லை. 200 டாலர் மாநில வரி கட்ட ஒருவர் ஆயிரம் கேலன் போட வேண்டும். சாதாரணக் காரில் அது இருபத்தையாயிரம் மைல்! மாதத்துக்கு நான்கு நாள் கடைக்குப் போய்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அதே 200 டாலர்தான் கட்டுகிறார். இதில் ஈடு எங்கே இருக்கிறது? அபராதம்தான் இருக்கிறது.

நியூசிலாந்து வேறு வழி பிடித்தது. 2024 ஏப்ரல் 1 முதல் மின்கார்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர், அவர்கள் நாட்டு டாலரில். டீசல் வண்டிகள் முன்பே அப்படித்தான் கட்டிவந்தன. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பதால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. அங்கேயும் ஒரு கோணல் உண்டு. கஞ்சத்தனமாகப் பெட்ரோல் குடிக்கும் சின்ன ஹைப்ரிட் காருக்குப் பங்கில் கட்டும் வரி மின்காரின் கட்டணத்தைவிடக் குறைவாக வருகிறது. நம் ஊரில் கிலோமீட்டர் கணக்கு எடுக்க ஆரம்பித்தால், மீட்டரைத் திருப்பி வைக்க எந்த மெக்கானிக் எவ்வளவு வாங்குவார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

ஆனால் என்றைக்காவது இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் விற்பனை குறையக் குறைய வாட் வருமானமும் குறையும். லைஃப் டாக்ஸோ ஒரே தடவை வாங்குவது. விலக்கோடு பதிவான வண்டியிடம் பிறகு போய்க் கேட்க முடியாது.

அதுவரைக்கும் என் யோசனை இது: இருசக்கர வண்டி, ஆட்டோ, டவுன் பஸ், சரக்கு ஏற்றும் குட்டி வண்டி, இவற்றுக்கு முழு விலக்கு தொடரட்டும். பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் இருக்கும் முதல் காருக்குப் பாதி. அதற்கு மேல் கேரளத்தைப் போலப் படிக்கட்டு, முப்பது லட்சத்தைத் தாண்டினால் பெட்ரோல் காருக்கு என்ன விகிதமோ அதுவே. ‘வரி போட்டால் மின்காரை யார் வாங்குவார்கள்?’ என்று ஷோரூம்காரர்கள் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. மின்காருக்கு 5 சதவீதம்தான், பெரிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40. அந்த வித்தியாசத்தைக் காட்டி விற்கத் தெரியாதவர்களா அவர்கள்?